அட்டவணைப் பெயரால் எழும் வினவல் பிழைகள்

தரவுத்தளத்தில் டேபிள் எனப்படும் அட்டவணைக்கு இட்ட பெயரே வினவலைத் தடுத்து நிறுத்துவது, எஸ்கியூஎல் மொழியில் அடிக்கடி காணும் பிழை. அந்தப் பெயர் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களுள் ஒன்றாக இருப்பதே முதன்மைக் காரணம். பெயரின் எழுத்து வடிவமும் நீளமும் இதே தொல்லையைத் தரும்.

கடைக்கான மென்பொருளை எழுதுபவர் விற்பனை அட்டவணைக்கு 'ஆர்டர்' என்று பெயர் வைப்பது இயல்பு. ஆனால் வரிசைப்படுத்தச் சொல்லும் 'ஆர்டர் பை' கட்டளையின் முதற்சொல்லும் அதுதான். மைஎஸ்கியூஎல் இதைப் படித்ததும் 1064 என்ற எண்ணுடன் தொடரியல் பிழை காட்டும். அந்தச் செய்தியில் 'நியர்' என்ற சொல்லை அடுத்து, மேற்கோளுக்குள் வருவதை முதலில் பார்க்க வேண்டும். வினவல் தடுக்கி நின்ற இடம் அது. அங்கே அட்டவணைப் பெயரே முதலில் நின்றால் ஐயப்பட வேண்டியது பெயரைத்தான். அட்டவணையே இல்லாதபோது வரும் எண் 1146. அது வேறு கதை.

பிழைச் செய்தி வருவதுகூட நல்லதுதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'யூசர்' என்ற அட்டவணையை மேற்கோள் குறியின்றிப் படிக்கச் சொன்னால் பிழை எதுவும் வராது. அங்கே அச்சொல், இணைந்திருக்கும் பயனரின் பெயரைத் தரும் உள்ளமைந்த சொல். ஆயிரம் பேரின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி, அதில் ஒரே பெயர். இவ்வகைப் பிழைகளில் ஆளை மிக அலைக்கழிப்பது இதுவே.

நேற்றுவரை ஓடிய வினவல் இன்று நிற்பதும் உண்டு. 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில் 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' போன்றவை புதிதாக ஒதுக்கப்பட்டன. மதிப்பெண் தரவரிசைக்கு 'ரேங்க்' என்று பெயரிட்டிருந்தவர்கள் பதிப்பை மாற்றியதும் 1064ஐச் சந்தித்தார்கள்.

ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த பெயர்கள் இன்னொரு சிக்கல். மேற்கோள் குறியில்லாத பெயரைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் சிறிய எழுத்தாகவும் ஆரக்கிள் பெரிய எழுத்தாகவும் மாற்றிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் இயல்பு அமைப்பில் விண்டோஸில் எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, லினக்ஸில் பொருட்படுத்தும். சொந்தக் கணினியில் ஓடிய நிரல் சர்வரில் நிற்பதற்கு இது போதும்.

தமிழில் பெயரிடுவோர் நீளத்தையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 63 பைட்டுக்கு மேற்பட்ட பெயரை வெட்டிவிடும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 21 குறியீடுகளே அடங்கும். புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியீடுகளாதலால் 'மாணவர்' என்ற சொல்லுக்கே 18 பைட் போய்விடும்.

உடனடித் தீர்வு, பெயரைக் குறிகளுக்குள் அடைப்பது. மைஎஸ்கியூஎல்லில் பேக்டிக், எஸ்கியூஎல் சர்வரில் சதுர அடைப்பு, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் இரட்டை மேற்கோள். ஆனால் அதை ஒவ்வொரு வினவலிலும் மறவாமல் எழுத வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் பிழை திரும்பிவிடும். பெயரை மாற்றுவதே சரியான தீர்வு. மைஎஸ்கியூஎல்லில் பெயர் மாற்றினால் அயல்திறவுகோல்கள் தாமாகவே புதிய பெயரைச் சுட்டும். வியூக்களும் சேமித்த செயல்முறைகளும் பழைய பெயரையே தேடும். அவற்றை முன்னதாகப் பட்டியலிட்டுத் திருத்துவது அவசியம்.

புதிய பெயரைத் தேர்வதற்கு முன் சரிபார்க்க வழி உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0இல் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் 'கீவேர்ட்ஸ்' அட்டவணை, எந்தச் சொல் ஒதுக்கப்பட்டது என்பதைக் காட்டும்.