கிருபைக்குப் பிறகு ஒரு காணி

வேடந்தாங்கலுக்குப் போயிருக்கிறீர்கள்தானே? ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, மாமண்டூர் வரும். ஒருகாலத்தில் வெளியூர் பஸ்ஸெல்லாம் நின்ற அதே மாமண்டூர்தான். அங்கே குடித்த காபியை மறந்துவிட்டு இன்னும் கொஞ்சம் போனால் படாளம் கூட்ரோடு. படாளம் என்றால் பலருக்கு சர்க்கரை ஆலை ஞாபகத்துக்கு வரும். பறவை பார்க்கப் போகிறவர்கள் வலதுபக்கம் திரும்புவார்கள். இருபக்கமும் வயல்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மாதிரி வயல்களில் இறங்கி உழுதவர் பெரும்பாலும் படியாள். மகன் கல்யாணத்துக்கோ அப்பன் காரியத்துக்கோ மிராசுதாரிடம் சொற்பமாகக் கடன் வாங்கியிருப்பார். அசல் அடையாது. வட்டிக்கு உடம்பு. அவர் செத்தால் மகனின் உடம்பு. கூலி, நெல்லாகப் படியில் அளந்து போடுவார்கள். குடியிருக்கிற குடிசை நிற்கும் மண்ணும் பெரும்பாலும் மிராசுதாருடையது.

அடிமை முறையா? சட்டப்படி கிடையாது! 1843-லேயே ஐந்தாவது சட்டம் போட்டு, அடிமை உரிமையைக் கோர்ட் இனி மதிக்காது என்று கம்பெனி சர்க்கார் சொல்லியாச்சு. 1862-ல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. பேப்பரில் எல்லாம் சரியாக இருந்தது.

இப்படிப்பட்ட ஒரு படியாளிடம் ஒரு பாதிரியார் வந்து, 'உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது. நீ புது மனிதன். இனி புது வாழ்க்கை வாழ்' என்று சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் 'கிருபை' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் அச்சாணி இது. மனிதன் தன் நல்ல காரியங்களைக் காட்டி இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது, அது கடவுள் இலவசமாகக் கொடுப்பது என்பது மார்ட்டின் லூதர் 16-ம் நூற்றாண்டில் போட்ட சண்டையின் சாரம். நமக்கு இது புதுசும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் வைணவர்களைக் கேளுங்கள். வடகலைக்குக் குரங்குக்குட்டி, தாயை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனைக்குட்டி, அது சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். லூதர் நம்மூரில் பிறந்திருந்தால் பூனைக் கட்சி. ருடால்ஃப் ஓட்டோ என்கிற ஜெர்மன் அறிஞர் இந்த இரண்டு மதங்களையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

பி.காம். படித்த எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் வரவு வைத்தால் எதிர்ப்பக்கம் ஒரு பதிவு விழுந்தே ஆகவேண்டும். கிருபை இலவசம், சரி. எதிர்ப்பதிவு எங்கே? அதைத்தான் 'மாறிய வாழ்க்கை' என்கிறார்கள். கொடுத்ததற்கு விலை அல்ல அது, கிடைத்ததற்கு அடையாளம்.

ஆனால் எது மாறினால் வாழ்க்கை மாறியதாக அர்த்தம்?

ஜான் நியூட்டன் கதை தெரியுமா? 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1748-ல் நடுக்கடலில் கப்பல் புயலில் மாட்டியபோது கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார், மனம் திரும்பினார். பிறகு என்ன செய்தார்? கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். பைபிள் படித்தார். அதற்கப்புறம்தான் அடிமை வியாபாரக் கப்பலுக்கு கேப்டனாகவே ஆனார்! கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடக்க, மேலே ஐயா பிரார்த்தனை. 1754-ல் கடலை விட்டதுகூட உடம்பு சரியில்லாமல்தான். 1764-ல் பாதிரியார் ஆனார். 1773 புத்தாண்டுக்காக அந்தப் பாட்டை எழுதினார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது 1788-ல். புயலுக்கும் பிரசுரத்துக்கும் நடுவே நாற்பது வருஷம்!

அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாற்பது வருஷம் நம்மூரிலும் வேறு வடிவத்தில் நடந்தது.

இங்கே வந்த மிஷனரிகள் மாறிய வாழ்க்கைக்கு முதலில் வைத்த பரீட்சை, சாப்பாடு. கிறிஸ்தவனாகி மூன்று தலைமுறை ஆனபிறகும் வேளாளர் தனி வரிசையில் உட்கார்ந்தார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க யோசித்தார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியே கூடாது என்று கறாராகக் கடிதம் போட்டார். விளைவு? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கணிசமான பேர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. 1850-ல் சென்னை மிஷனரிகள் மாநாடு கூடி, சேரிக்காரர் சமைத்ததைச் சாப்பிடத் தயாரா என்று பார்த்து ஆளை எடை போடலாம் என்கிற அளவுக்குப் போனது.

இது மேலே இருப்பவனுக்கான பரீட்சை. கீழே இருப்பவனுக்கு? அவன் யாரோடும் சாப்பிடத் தயார். அவனுக்கு வேறு பட்டியல் கொடுத்தார்கள். கள் குடிக்காதே. செத்த மாட்டைத் தின்னாதே. கோயில் திருவிழாவில் பறை அடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே.

கேட்க சாதாரணமாக இருக்கிறதா? கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். படியாள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால் நஷ்டம் மிராசுதாருக்கு. பறை அடிக்க மாட்டேன் என்றால் ஊர்த் திருவிழாவே நிற்கும். ஒரு மனுஷனின் அந்தரங்க பக்தி, ஒரே ராத்திரியில் ஊர்ப் பிரச்னையாகிவிடும். அடுத்து என்ன? குடிசை இருக்கிற இடத்தைக் காலி பண்ணு. கடனை இப்பவே வை. புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவருக்கு, புது வாழ்க்கை வாழ்வதற்கு நிற்க இடம் இல்லை.

செங்கல்பட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தவர் ஆடம் ஆண்ட்ரூ. ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி. அந்த ஸ்காட்லாந்து மிஷனுக்கு 1840-களிலிருந்தே செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் உண்டு; செயின்ட் கொலம்பா பள்ளி அந்த மரபில் வந்ததுதான். அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடி என்கிற வெஸ்லியன் மிஷனரியும் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஆரம்பத்திலேயே புரட்சிக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக சேரி மக்கள் சபைக்கு வந்தபோது, மிஷன்களுக்கு இருந்த பெரிய பயமே 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' பற்றித்தான். சோத்துக்கு வருகிறானா, இயேசுவுக்கு வருகிறானா?

பசித்தவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தைரியம் வேண்டும்.

போகப் போக அவர்களுக்கே புரிந்தது. நிலம் இல்லாமல் ஒன்றும் நகராது. சும்மா கிடக்கிற அரசுத் தரிசை தர்காஸ்து மனு போட்டுக் கேட்கலாம் என்று விதி இருந்தது. ஆண்ட்ரூ தன் சபை ஆட்களுக்காக மனு போட வைத்தார். இங்கேதான் வேடிக்கை. செங்கல்பட்டு மிராசு ஊர்களில் தரிசின் மேல் முதல் உரிமை மிராசுதாருக்கு. வருஷக்கணக்கில் முள் மண்டிக் கிடந்த நிலத்தை ஒரு படியாள் கேட்ட மறுநிமிடம், 'அது எனக்கு வேண்டும்' என்று மிராசுதார் கை தூக்கலாம். தூக்கினார்கள். படியாளுக்கு நிலம் வந்தால் நாளைக்கு யார் உழுவது? அவர்கள் கணக்கு அவர்களுக்கு.

ஆண்ட்ரூ அரசுக்கு எழுதினார். கௌடி பத்திரிகையில் எழுதினார். சத்தம் கலெக்டர் ஆபீஸ் வரை போனது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர் 'செங்கல்பட்டு பறையர்கள் பற்றிய குறிப்பு' என்று ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். பட்டினி, கடன், படிப்பின்மை, சொந்தமில்லாத குடிமனை, மிராசு உரிமை செய்கிற அக்கிரமம் எல்லாம் அதில் இருந்தது. நிலமும் வீட்டுமனையும் பள்ளிக்கூடமும் கொடுங்கள் என்றார். சென்னை அரசு முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் இறங்கிவந்து 1892 செப்டம்பர் 30-ல் 1010, 1010-ஏ என்று ஆணைகள் போட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்கிறோமே, அதன் பிறந்தநாள் அது. ரெவின்யூ பாஷையில் டி.சி. லேண்ட். பத்து வருஷம் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் நஷ்ட ஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பது நில உரிமை இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

ஆண்ட்ரூ காத்திருக்கவும் இல்லை. 1890-களில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஒரு விவசாயக் குடியிருப்பை உண்டாக்கினார். அங்கே புது கிறிஸ்தவன் ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் லீவு எடுக்கலாம்.

பாதிரிகள்தான் எல்லாம் செய்தார்கள் என்றும் எழுதிவிட முடியாது. இதே மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறவே இல்லை. 1893-ல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தி, சேரிக்காரரின் பிரச்னையைச் சேரிக்காரரே பேசினார்.

அந்தப் பழைய சந்தேகத்துக்கு, அதாவது சோத்துக்கா சாமிக்கா என்பதற்கு, ஒருவர் கணக்கெடுத்தே பதில் தேடினார். ஜே.வாஸ்காம் பிக்கெட், அமெரிக்க மெதடிஸ்ட். இந்தியாவில் கூட்டமாக மதம் மாறியவர்களிடம் ஏன் மாறினாய் என்று கேட்டு, பிற்பாடு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டு 1933-ல் புத்தகமாகப் போட்டார். என்ன காரணத்துக்காக வந்தான் என்பதைவிட, வந்தபிறகு அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதே முக்கியம் என்பது அவர் கண்டது. பாதிரிகளுக்கு இது கொஞ்சம் உறைத்திருக்கும்.

ஊரின் பார்வையில் என்ன மாறியது? அதிகமில்லை. 1950-ல் ஜனாதிபதி ஆணை வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய தலித், சட்டத்தின் முன் எஸ்.சி. இல்லை, சாதியை விட்டு வெளியே போய்விட்டார் என்று அர்த்தம். பின்னால் சீக்கியரையும் (1956) பௌத்தரையும் (1990) சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தெருவில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் கேட்டாலும்தான். நடுவில் கட்டிய சுவருக்கு இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான் கிடக்கிறார்கள்.

பஞ்சமி நிலங்கள்? நிபந்தனையெல்லாம் காகிதத்தில் இருக்க, கைமாறிக்கொண்டே போயின. மாமல்லபுரம் பக்கம் காரணை என்று ஒரு கிராமம். அங்கே கைவிட்டுப்போன பஞ்சமி நிலத்தை மீட்க 1994-ல் தலித் மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10-ம் தேதி, ஆண்ட்ரூ மனு எழுதிய அதே செங்கல்பட்டில், கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள்.

ஒருவர் பெயர் ஜான் தாமஸ். இன்னொருவர் ஏழுமலை.