சிம் ரவுட்டர் வழி வீட்டு இணையம்: தியாகராய நகர்

சிம் ரவுட்டர் என்பது கைபேசி நிறுவனத்தின் 4ஜி அல்லது 5ஜி சிக்னலை வாங்கி, வீட்டுக்குள் வைஃபையாகவும் லேன் கேபிள் வழியாகவும் பகிர்ந்து கொடுக்கும் கருவி. தெருவிலிருந்து வீட்டுக்குள் எந்தக் கம்பியும் வர வேண்டியதில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் பேட்டரி ஹாட்ஸ்பாட், மேசைமேல் வைத்து மின்சாரத்தில் ஓட்டும் ரவுட்டர், ஆன்டெனாப் பெட்டியை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மாட்டி அங்கிருந்து கேபிளை உள்ளே இறக்கும் ஏர்ஃபைபர் என்று மூன்று வடிவங்களில் இது சென்னையில் புழங்குகிறது.

தியாகராய நகரில் இதற்கான தேவையும் அதிகம், இது சந்திக்கும் சோதனையும் அதிகம். 1920களில் மாம்பலம் ஏரியை ஒட்டித் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு இது. பனகல் பூங்காவைச் சுற்றியிருந்த தனிவீடுகள் பெரும்பாலும் அடுக்குமாடிகளாகிவிட்டன. உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைக்கும் கடைவீதிகள். புடவை எடுக்கவும் நகை வாங்கவும் வருகிறவர்களின் கைபேசிகளும், பின்தெருவில் குடியிருப்பவரின் ரவுட்டரும் ஒரே டவரைத்தான் நம்பியிருக்கின்றன. இப்பகுதியில் சிம் ரவுட்டர் பற்றி எழும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வேர்.

முன்வரலாறு

வீட்டு இணையத்தைக் காற்றுவழி கொண்டுவரும் முயற்சியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. அதை இந்நகரம் போதுமான அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, சென்னையைச் சேர்ந்த மைடாஸ் கம்யூனிகேஷன் நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து கோர்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கியது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு ஆன்டெனா. தொலைபேசியில் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்திலும், பேசாத நேரத்தில் 70 கிலோபிட் வேகத்திலும் இணையம் கிடைத்தது. செம்புக் கம்பி இழுக்கும் செலவைக் குறைத்து, தொலைபேசி கிடைக்காத குடும்பங்களுக்கு அதைக் கொண்டுசேர்ப்பதே நோக்கம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் இயங்கியது இதன் துணையால்தான். இன்று ஏர்ஃபைபர் விளம்பரங்கள் சொல்லும் அடிப்படைக் கருத்து அப்போதே இங்கே செயலுக்கு வந்துவிட்டது.

அடுத்து வந்தது டாங்கிள் காலம். ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா ஃபோட்டான், எம்டிஎஸ் எம்பிளேஸ் ஆகியவை மடிக்கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிடிஎம்ஏ கருவிகள். அவற்றின் உச்ச வேகம் 3.1 எம்பிபிஎஸ் என்றார்கள். கையில் கிடைத்தது அதில் ஒரு பகுதி. மேன்ஷன்களிலும் விடுதிகளிலும் தங்கியவர்களுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அக்காலத்து அளவுகோலும் சிறியது: 2004இல் இந்தியா பிராட்பேண்டுக்கு வகுத்த குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். அது 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்த்தப்பட்டது.

4ஜிக்கான 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2010இல் ஏலம் போனது. தமிழ்நாட்டு வட்டத்தில் அதைப் பெற்றவற்றுள் ஏர்செல்லும் ஒன்று. நாடு முழுவதற்கும் பெற்ற இன்ஃபோடெல் நிறுவனத்தை ரிலையன்ஸ் வாங்கியது. அதுதான் பின்னாளில் ஜியோ. ஏர்செல் தன் 2300 மெகாஹெர்ட்ஸ் உரிமையை 2016இல் ஏர்டெல்லுக்கு விற்று, 2018இல் கடையைச் சாத்தியது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வணிக முறையில் தொடங்கியதும், ஜியோஃபை என்ற கையடக்க ஹாட்ஸ்பாட் வழியாகச் சிம் ரவுட்டர் சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. 2022 அக்டோபரில் ஏர்டெல், ஜியோ இரண்டின் 5ஜியும் சென்னைக்கு வந்தன. 2023 செப்டம்பர் 19 அன்று ஜியோ ஏர்ஃபைபர் அறிமுகமான எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அன்றைய தொடக்கக் கட்டணம் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

உலகில் இது புதிதல்ல. அமெரிக்காவில் டி-மொபைல் 2021இல் வீட்டு இணையமாகவே இதை விற்கத் தொடங்கியது. இலங்கையில் டயலாக், எஸ்எல்டி நிறுவனங்களின் 4ஜி ரவுட்டர்கள் 2010களிலிருந்தே தமிழர் வீடுகளிலும் பழகிப்போன பொருள்.

அலைவரிசையும் சுவரும்

ரவுட்டரின் விலையைவிட அது நிற்கும் இடமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. குறைந்த அலைவரிசை சுவரைத் துளைத்து உள்ளே வரும். உயர்ந்த அலைவரிசை வேகத்தைத் தரும், ஆனால் கான்கிரீட்டில் தேய்ந்துபோகும். ஜியோ 700, 850, 1800, 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும், ஏர்டெல் 900, 1800, 2100, 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் பயன்படுத்துகின்றன. 5ஜியின் பெருவேகம் 3500இல் இருக்கிறது. நாலு மாடிக் கட்டடத்தின் நடு அறையில், இரண்டு சுவர்களைத் தாண்டி அந்த அலை வந்து சேரும்போது அதில் வலு இருப்பதில்லை. ரவுட்டர் உடனே 4ஜிக்கோ 700க்கோ இறங்கிவிடும். முகப்பில் 5ஜி என்று எழுத்து எரிந்துகொண்டிருந்தாலும் வேகம் பழைய வேகமாகவே இருப்பது இதனால்தான்.

எனவே ரவுட்டரை ஜன்னலோரம் வைக்க வேண்டும். அதிலும் டவர் இருக்கும் திசை ஜன்னலில். எந்தக் கட்டடத்தின் மேல் டவர் இருக்கிறது என்பதை மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் பார்க்கலாம். இரும்புக் கம்பி ஜன்னலும் கொசுவலையின் உலோகச் சட்டமும் சிக்னலை ஓரளவு தின்னும், எதிரே இருக்கும் கடையின் கண்ணாடி முகப்பு அதைத் திருப்பியடிக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது சிக்னலின் வலு: மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் நல்லது, மைனஸ் 105ஐத் தாண்டிக் கீழே போனால் சிரமம். இரண்டாவது இரைச்சலுக்கு நடுவே அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது: 20க்கு மேல் மிக நன்று, பூஜ்ஜியத்தை நெருங்கினால் மோசம். தியாகராய நகரில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் வலு பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். அடுத்தடுத்த டவர்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதுவதால் தெளிவுதான் கெடும். ஐந்து கோடு நிறைந்திருந்தும் வீடியோ நிற்கிறது என்கிற வீட்டில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. ரவுட்டரை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு மாற்றினாலே அது சீராகிவிடுவதுண்டு.

ஏர்ஃபைபரின் வெளிப்பெட்டி இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. ஆன்டெனா சுவருக்கு வெளியே போய்விடுகிறதே. ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர் மொட்டை மாடியில் ஆணி அடிக்க வீட்டுக்காரரும் அடுக்குமாடிச் சங்கமும் சம்மதிக்க வேண்டும். இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஏர்ஃபைபர் என்ற பெயரில் வரும் எல்லா இணைப்பும் 5ஜி அல்ல. சில இடங்களில் உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் தனி ரேடியோ இணைப்பையே கொடுக்கிறார்கள். பொருத்த வரும் ஊழியரிடம் எது என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

நெரிசல்

ஒரு டவரின் ஒவ்வொரு முகமும், அதாவது ஒரு திசையை நோக்கிய ஆன்டெனாவும், தரும் வேகம் அங்குள்ள எல்லாருக்கும் பொதுச்சொத்து. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சாதாரண 4ஜி கற்றையின் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். அந்த முகத்தின்கீழ் வீடியோ பார்ப்பவர், பணம் அனுப்புபவர், ரவுட்டர் வைத்திருப்பவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த 150. 5ஜியின் 3500இல் ஜியோ, ஏர்டெல் இரண்டிடமும் தலா 100 மெகாஹெர்ட்ஸ் இருப்பதால் கொள்ளளவு பலமடங்கு. ஆனாலும் அதுவும் பங்கிடப்படுவதுதான்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், பொங்கல், முகூர்த்த மாதங்களின் சனி ஞாயிறு ஆகிய நாட்களில் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023 மே மாதம் 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறக்க வேண்டிவந்தது என்றால் கூட்டத்தின் அளவு புரியும். கடைக்குக் கடை யுபிஐயில் பணம் கொடுக்கிறார்கள், புடவையின் நிறத்தை வீட்டிலிருப்பவருக்கு வீடியோ அழைப்பில் காட்டுகிறார்கள். அந்த மாலைகளில் உஸ்மான் சாலையை ஒட்டிய வீட்டில் சிம் ரவுட்டரின் வேகம் காலையில் இருந்ததில் சிறு பகுதியாகச் சுருங்குவது இயல்பு. கடைவீதியிலிருந்து விலகிய தெருக்களில் பாதிப்பு குறையும். மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும் இரவுப் பணி பார்க்கும் மென்பொருள் ஊழியருக்கும் இந்த வேறுபாடு பிழைப்பைத் தொடும் விஷயம்.

பதிவேற்றம் இதைவிடப் பலவீனம். 2300, 3500 அலைகளில் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்கே போகிறது. பதிவிறக்கம் 100 காட்டும் இடத்தில் பதிவேற்றம் பத்தோ பதினைந்தோ காட்டினால் அது பழுதல்ல.

மழை, மின்வெட்டு, தோண்டிய சாலை

ஃபைபர் இணைப்பின் எதிரிகள் மண்வெட்டியும் மரக்கிளையும். பனகல் பூங்கா வழியாகச் செல்லும் மெட்ரோ ரயிலின் நான்காம் வழித்தடம், மழைநீர் வடிகால், மின்புதைவடம் என்று இப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் சாலை தோண்டப்பட்டு வருகிறது. விளக்குக் கம்பங்களில் தொங்கும் கேபிள்களை மாநகராட்சி அவ்வப்போது அறுத்து அகற்றுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்ட மாநகராட்சி தடை விதிப்பதால் புதிய ஃபைபர் இணைப்பு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். இந்த இடைவெளியில் சிம் ரவுட்டர் உண்மையாகவே கைகொடுக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, மேலே தொங்கிய கேபிள்களை நம்பியிருந்த வீடுகள் பல நாள் இணையமின்றிக் கிடந்தன.

அதே சமயம் டவருக்கும் மின்சாரம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் கைபேசிச் சேவையே அற்றுப்போனது. டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வந்து சேர வேண்டும். தண்ணீர் தேங்கிய சாலையில் டீசல் எப்படி வரும்? தியாகராய நகர் பழைய ஏரிப்பக்கத்துத் தாழ்நிலம். 2021 நவம்பரில் இங்கே நாள்கணக்கில் நீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெருவெள்ளத்தில் இரண்டு வகை இணைப்பும் படுக்கும் என்றே எண்ணித் திட்டமிட வேண்டும்.

சாதாரண மின்வெட்டில் நிலைமை வேறு. உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் இணைப்புகள் பலவற்றில் ஃபைபர் கட்டடத்தின் மாடிப்படிவரைதான் வரும். அங்கிருக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து லேன் கேபிள் வீட்டுக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. சிம் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று இருந்தால் போதும். மின்னணுப் பொருட்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

ஐபி முகவரி, சட்டம், கட்டணம்

வீட்டு வாசலிலோ கடையிலோ சிசிடிவி வைத்து வெளியூரிலிருந்து பார்க்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது: கைபேசி வலையமைப்பு ஒரு பொது ஐபிவி4 முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அதனால் வெளியிலிருந்து நேராக ரவுட்டரை எட்ட முடியாது. போர்ட் திறந்துவிடும் பழைய முறை பலிக்காது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியாகவோ ஐபிவி6 வழியாகவோதான் பார்க்க வேண்டும்.

சிம் ரவுட்டர் வைத்திருப்பது முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் சிக்னல் பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் ரிப்பீட்டரை உரிமமின்றி வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றம். அது டவருக்குள் இரைச்சலைக் கொட்டி, தெருவிலுள்ள அத்தனை பேரின் அழைப்பையும் கெடுக்கிறது. ரவுட்டரோடு இணைக்கும் வெளி ஆன்டெனா வேறு, பூஸ்டர் வேறு. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

டேட்டாக் கணக்கும் முக்கியம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 3 ஜிபி தின்னும். நாளைக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை 4ஜி ரவுட்டரில் போட்டால் பாதிப் படத்திலேயே வேகம் அறுந்துவிடும். கைபேசித் திட்டங்களின் வரம்பற்ற 5ஜியை நம்பி 5ஜி ரவுட்டர் வாங்குபவர்கள் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். அச்சலுகை தனிநபர் கைபேசிப் பயன்பாட்டுக்காகத் தரப்படுவது. குடும்பத்தின் முழுச் சுமையையும் அதன்மேல் ஏற்ற நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம். வீட்டுக்கென்று விற்கப்படும் ஏர்ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 1 டிபி அளவில் இருப்பதால் குடும்பத்துக்கு அதுவே பொருந்தும்.

ஃபைபர் வரும் தெருவில் அதையே முதல் இணைப்பாக வைத்துக்கொண்டு, சிம் ரவுட்டரை வேறொரு நிறுவனத்தின் சிம்மோடு துணையாக வைப்பது தியாகராய நகருக்கு ஏற்ற ஏற்பாடு. ஃபைபர் வராத வீட்டிலும், சில மாதங்களே தங்கும் வாடகைதாரருக்கும் சிம் ரவுட்டர் தனித்தே போதும். எதை வாங்கினாலும் அதற்கு முன், அந்த நிறுவனத்தின் சிம் போட்ட 5ஜி கைபேசி ஒன்றை அதே ஜன்னலில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். திங்கள் காலை வரும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.