காமிரா கண்ட அமெரிக்கா

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன எழுத்துச் சான்றுகளே. சட்டங்கள், உடன்படிக்கைகள், தலைவர்களின் கடிதங்கள், சட்டமன்ற நடவடிக்கைகள் ஆகியவை அவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் எழுதத் தெரியாதவனும், எழுத நேரமில்லாதவனும் அந்தச் சான்றுகளில் எங்கே இருக்கிறார்கள்? நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பத்து வயதுச் சிறுவன் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அவனைப்பற்றி வேறு ஒருவர்தாம் எழுதவேண்டும். அல்லது படம் எடுக்கவேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் பல இனத்தார் கூடி வாழும் நாடு. வறுமைக்கும் அடக்குமுறைக்கும் அஞ்சி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், பசிபிக் கடலைக் கடந்து வந்த சீனர், ஜப்பானியர், இவர்கள் அனைவருக்கும் முன்பே அம்மண்ணில் வாழ்ந்திருந்த பழங்குடிகள் ஆகியோர் அங்கே வாழ்கின்றனர். இவர்களுடைய வாழ்வையும் இடர்களையும் உள்ளது உள்ளபடி நாட்டுக்குக் காட்டவேண்டும் என்று சிலர் காமிராவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களுடைய பணியைப் பற்றியே இன்று நான் பேச எண்ணுகிறேன். அதோடு, பிறருடைய துன்பத்தை எடுத்துக் காட்டுபவனுக்கு உள்ள உரிமை எவ்வளவு, கடமை எவ்வளவு என்ற கேள்வியையும் மாணவ நண்பர்களின்முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தப் பணிக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் ஜேக்கப் ரீஸ். 1849-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்த அவர், 1870-இல் வேலை தேடி அமெரிக்கா சென்றார். வேலை எளிதில் கிடைக்கவில்லை. போக்கிடமற்றவர்களுக்காகக் காவல் நிலையங்களில் இருந்த விடுதிகளில் படுத்துறங்கிய இரவுகளும் அவருக்கு உண்டு. பின்னர் நியூயார்க்கில் பத்திரிகை நிருபராகிக் காவல் துறைச் செய்திகளைச் சேகரித்தார். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பல அடுக்கு வீடுகளுக்குள் இரவு நேரங்களில் செல்லும் வாய்ப்பு அதனால் அவருக்குக் கிடைத்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் பல குடும்பங்கள் அடைந்து கிடப்பதைக் கண்டார், எழுதினார், படித்தவர்கள் நம்பவில்லை. இருட்டறையைப் படம் எடுப்பது அதுவரை அரிதாயிருந்தது. 1887-இல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்கும் முறை வந்தபோது, ரீஸ் அதை உடனே கைக்கொண்டார். அவர் 1890-இல் வெளியிட்ட புத்தகம், நகரத்தின் மறுபாதி எப்படி வாழ்கிறது என்பதை மாளிகைகளில் வாழ்ந்தவர்களுக்கு எடுத்துரைத்தது. அப்புத்தகத்தைப் படித்து அவருக்கு நண்பரானவர்களுள் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். ரூஸ்வெல்ட் நகரக் காவல் ஆணையத்தின் தலைவராய் இருந்தபோது, 1896-இல், அந்தக் காவல் நிலைய விடுதிகள் மூடப்பட்டன. 1901-இல் வந்த நியூயார்க் குடியிருப்புச் சட்டம், புதிதாய்க் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் தரும் சன்னல் வேண்டும் என்று விதித்தது.

ரீஸின் தொண்டு பெரிது. ஆயினும் அவருடைய புத்தகத்தை இன்று படிப்பவர்களுக்கு ஒரு குறை தெரியாமற் போகாது. இத்தாலியர் இப்படி, யூதர் இப்படி, சீனர் இப்படி என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முத்திரை குத்திவிடும் வழக்கம் அவரிடம் இருந்தது. அவர் எடுத்த படங்கள் சிலவற்றில் நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்தவர்களின் முகங்கள் தெரிகின்றன. அவர்களுடைய இருட்டு நமக்குத் தெரிகிறது. அவர்களுடைய பேச்சு நமக்குக் கேட்பதில்லை.

அடுத்து வந்த லூயிஸ் ஹைன் ஒரு பள்ளி ஆசிரியர். விஸ்கான்சின் மாநிலத்தில் 1874-இல் பிறந்தவர். எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளை 1904 முதல் படம் எடுத்தவர். 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரைத் தன் பணிக்கு அமர்த்தியது. 1900-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி, பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் அந்நாட்டில் வேலைக்குச் சென்றனர். இந்த எண்ணைக் கேட்டவர்கள் வருந்தினார்கள், பிறகு மறந்தார்கள். எண்ணுக்கு முகம் இல்லை. அந்த முகத்தைக் கொடுக்கும் வேலையை ஹைன் மேற்கொண்டார்.

ஆலை முதலாளிகள் அவரை உள்ளே விடுவார்களா? அவர் வேடம் புனைந்தார். ஓர் ஊரில் பைபிள் விற்பவராகச் சென்றார். மற்றோர் ஊரில் தீயணைப்பு முறைகளைப் பார்வையிடும் அதிகாரியாகச் சென்றார். தென்மாநிலப் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின்மீது வெறுங்காலுடன் ஏறி, அறுந்த நூலை இணைத்த சிறுவர்களைப் படம் எடுத்தார். பென்சில்வேனியச் சுரங்கங்களில் கரித்தூளுக்கு நடுவே குனிந்து அமர்ந்து கல் பொறுக்கிய சிறுவர்களைப் படம் எடுத்தார். படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதை முன்பே அளந்து வைத்திருந்தார். எதிரே நின்ற குழந்தையின் உயரத்தை அவற்றைக்கொண்டு கணித்தார். பைக்குள் கையை விட்டவாறே ஒருவருக்கும் தெரியாமல் பெயர், வயது, வேலை நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். படம் பொய் என்று யாரும் கூறிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அத்துணைக் கவனம்.

இதனால் உடனே வெற்றி கிட்டிற்றா? இல்லை. 1916-இல் அமெரிக்கப் பேராயம் குழந்தைத் தொழிலைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் வந்த பின்னரே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகளை அமர்த்துவதற்கு நாடு தழுவிய தடை நிலைபெற்றது. ஹைன் குழந்தைத் தொழிலாளர் குழுவின் பணியில் அமர்ந்ததற்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒரு படம் உலகத்தை ஒரே நாளில் மாற்றிவிடும் என்று நம்புவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும். அந்தச் சட்டமும் வயல்வேலை செய்யும் குழந்தைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. வயல்வேலைக்கான விதிகள் அந்நாட்டில் இன்றும் தளர்ந்தே இருக்கின்றன. 1940-இல் ஹைன் வறுமையில் மறைந்தார்.

வயல்வேலை செய்தவர்களைப் படம் எடுத்தவர்களுள் புகழ் மிக்கவர் டோரத்தியா லாங்கே அம்மையார். 1930-களில் பொருளாதார மந்தமும், நடுநாட்டுச் சமவெளிகளில் ஏற்பட்ட வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து ஆயிரக்கணக்கான உழவர்களை ஊர் விட்டு ஓடச் செய்தன. அவர்களுடைய நிலையைப் பதிவு செய்வதற்காக 1935-இல் அரசாங்கமே ஒரு படப்பிரிவை ஏற்படுத்தியது. ராய் ஸ்டிரைக்கர் அதற்குத் தலைமை வகித்தார். 1936 மார்ச்சு மாதத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் இடத்தில், உறைபனியால் பட்டாணிப் பயிர் அழிந்து கூலி வேலையின்றிக் கிடந்தவர்களின் முகாமில் ஒரு தாயை லாங்கே கண்டார். குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கையைக் கன்னத்தருகே வைத்து எங்கோ நோக்கும் அந்தத் தாயின் படம் உலகெங்கும் பரவியது. பத்திரிகையில் செய்தி வந்தவுடன் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பப்பட்டது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் அந்தத் தாயின் குடும்பம் வேறு ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டது.

லாங்கே அவருடைய பெயரைக் கேட்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-இல், அந்தத் தாய் யார் என்பது உலகுக்குத் தெரிந்தது. வெள்ளை இன உழவர் குடும்பத்துப் பெண் என்று பலரும் எண்ணியிருந்த அவர், செரோக்கீ என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். தம் முகம் அஞ்சல் தலை வரைக்கும் போகத்தக்க புகழ் பெற்றும் தமக்கு ஒரு பயனும் விளையவில்லை என்று அவர் மனம் நொந்திருந்தார். லாங்கேயும் அரசாங்கச் சம்பளத்துக்கு எடுத்த அந்தப் படத்தால் தனி ஆதாயம் அடையவில்லை என்பதை நாம் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆயினும், ஒரு தேசத்தின் துயருக்கு அடையாளமாக நின்றவர் தமக்கென ஒரு பெயரும் வரலாறும் உடையவர் என்பதை அந்தத் தேசம் நாற்பது ஆண்டுக்காலம் கேட்டறியவில்லை. இது சிறிய செய்தியன்று.

படத்துக்கு மட்டுமே இந்த இடர் உண்டு என்று கருத வேண்டா. பேச்சைப் பதிவு செய்வதிலும் அது உண்டு. 1936 முதல் 1938 வரை, அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டத்தினர் பதினேழு மாநிலங்களில் முன்னாள் அடிமைகளைத் தேடிச்சென்று, அவர்கள் கூறியவற்றை எழுதிக்கொண்டார்கள். 2,300-க்கும் மேற்பட்ட வரலாறுகள் திரண்டன. அடிமை முறை 1865-இல் ஒழிந்தது; ஆகவே, சொன்னவர்கள் எல்லாரும் முதியோர். கேட்டவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு மூதாட்டியை 1937-இல் இருவர் தனித்தனியே கண்டு பேசினர். ஒருவர் வெள்ளைப் பெண்மணி. மற்றவர் கறுப்பின ஆடவர். முன்னவரிடம், தம் எஜமானர் நல்லவர் என்று அந்த மூதாட்டி பேசினார். பின்னவரிடமோ, சவுக்கடியையும், குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்ட கொடுமையையும் எடுத்துரைத்தார். சொன்னவர் ஒருவரே, கேட்டவர் மாறியதும் வரலாறு மாறியது. அவர் பொய் சொன்னார் என்று நாம் முடிவு கட்டலாமா? யாரிடம் எதைச் சொன்னால் தீங்கு வரும் என்பதை நெடுங்காலத் துன்பம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது என்றே நான் கொள்கிறேன்.

இந்தக் குறையை நீக்கும் வழி என்ன? அந்தந்தச் சமூகத்தாரே தம் வரலாற்றைச் சொல்லும் வாய்ப்புப் பெறுவது ஒரு வழி. கான்சாஸ் மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் 1912-இல் பிறந்த கார்டன் பார்க்ஸ், 1942-இல் ஸ்டிரைக்கரின் படப்பிரிவில் பயிற்சிக்காகச் சேர்ந்தார். தலைநகராகிய வாஷிங்டனில் கடையிலும் உணவு விடுதியிலும் நிறத்தின் பெயரால் அவமதிக்கப்பட்டார். அந்தச் சினத்துடன், அதே அரசாங்கக் கட்டடத்தைத் துப்புரவு செய்த கறுப்பின அம்மையார் ஒருவரைத் தேசக் கொடியின்முன் துடைப்பத்துடன் நிற்க வைத்துப் படம் எடுத்தார். அத்துடன் விட்டிருந்தால் அது ஒரு சூடான கேலியாக மட்டும் நின்றிருக்கும். பார்க்ஸ் அவருடைய பெயரைக் கேட்டார், வாழ்க்கையைக் கேட்டார், பல வாரங்கள் அவருடைய வீட்டுக்கும் வழிபாட்டு இடத்துக்கும் உடன் சென்றார், பேரக்குழந்தைகளோடு அவர் இருக்கும் படங்களையும் எடுத்தார். அதனால் அந்த அம்மையார் துன்பத்தின் சின்னமாக மட்டும் அமையாமல், ஒரு குடும்பத்தின் தூணாகவும் நம் முன் நிற்கிறார்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இப்பேச்சை நான் முடிக்க இயலாது. 1942 பிப்ரவரியில், போர்க்கால அச்சத்தின் விளைவாக ஓர் ஆணை பிறந்தது. அதன்படி மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் வீடு வாசலை இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,20,000 பேருக்கு இந்தக் கதி நேர்ந்தது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். இதைப் படம் எடுக்க அரசாங்கம் லாங்கேயையே அமர்த்தியது. பள்ளிக் கூடத்தில் நெஞ்சில் கை வைத்துத் தேசக் கொடிக்கு உறுதிமொழி கூறும் ஜப்பானியச் சிறுமியரை அவர் படம் எடுத்தார். நான் ஓர் அமெரிக்கன் என்ற பலகை தொங்கிய கடையையும் எடுத்தார். படங்கள் உண்மையை உரக்கச் சொல்லிவிட்டன போலும்! அரசாங்கம் அவற்றைப் போர்க்காலம் முழுதும் வெளிவராமல் முடக்கி வைத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் படநிலையம் நடத்தி வந்த டோயோ மியாட்டகே மான்சனார் முகாமில் அடைக்கப்பட்டார். முகாமில் இருந்தவர்கள் காமிரா வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அவர் ஒரு வில்லையை ஒளித்துக் கொண்டு சென்றார். உள்ளே இருந்த தச்சர் ஒருவரைக் கொண்டு அதற்கு மரத்தால் ஒரு பெட்டி செய்தார். பார்ப்பவர்களுக்கு அது சோற்றுப் பெட்டிபோல் தோன்றியது. செய்தி வெளியானபோது முகாம் அதிகாரி அவரைத் தண்டிக்கவில்லை. படம் எடுக்க அனுமதித்தார். ஆனால், விசையை ஒரு வெள்ளையர் அழுத்தவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இடத்தையும் ஒளியையும் மியாட்டகே தேர்ந்து வைப்பார். விரல் மட்டும் மற்றொருவருடையது! நாளடைவில் அந்த நிபந்தனையும் நீங்கிற்று. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு நாளோ ஒரு வாரமோ கண்டதை, அவர் ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து கண்டார். முள்வேலி அவருக்குக் காட்சிப்பொருளன்று. அதற்குள்தான் அவருடைய குழந்தைகள் வளர்ந்தார்கள். 1988-இல் அமெரிக்க அரசாங்கம் இந்த அநீதிக்குச் சட்டப்படி மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு வழங்கியது.

மாணவ நண்பர்களே, ரீஸ், ஹைன், லாங்கே போன்றோர் வெளியிலிருந்து வந்து படம் எடுத்தவர்கள். அவர்கள் இல்லையேல் ஒளிபுகாத அறைகளும் ஆலைச் சிறுவர்களும் வரலாற்றிலிருந்தே மறைந்திருப்பார்கள். பார்க்ஸும் மியாட்டகேயும் தம் மக்களிடையே நின்று படம் எடுத்தவர்கள். அவர்கள் இல்லையேல் நமக்குத் துன்பம் மட்டும் தெரிந்திருக்கும். துன்பப்பட்ட மனிதர் தெரிந்திருக்கமாட்டார். இருவகையாரும் வேண்டும். எனினும், ஏழை ஒருவரின் படத்தையோ பேச்சையோ நீங்கள் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இதை எடுத்தவர் யார்? எடுக்கப்பட்டவரின் பெயர் கேட்கப்பட்டதா? அவர் அஞ்சாமல் பேசும் நிலையில் இருந்தாரா? இம்மூன்றுக்கும் விடை தேடுபவனே நல்ல வரலாற்று மாணவன். நாளைக்கு நீங்களே குறிப்பேட்டையோ காமிராவையோ எடுத்துக்கொண்டு ஒருவரின் வாசலில் போய் நிற்கும் நாள் வரலாம். அப்போது அவருடைய பெயரை முதலில் கேளுங்கள்.