ஹிற்றைற்று மன்னரின் ஈமக்கிரியைகளும் மறுமை பற்றிய அச்சமும்

பண்டை அனத்தோலியாவை ஆண்ட ஹிற்றைற்று மன்னரின் ஆவணங்கள், மன்னனின் மறைவை ‘தெய்வமாயினான்’ என்றே பெரும்பாலும் குறிக்கின்றன. இரண்டாம் முர்சிலி தன் தந்தைக்கும் தமையனுக்கும் இச்சொல்லையே ஆள்கின்றான். இதுகொண்டு அம்மன்னர் மரணத்தை அஞ்சாதிருந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் நோக்கவிருப்பது.

தலைநகராகிய ஹத்துசாவில் 1906 இல் தொடங்கிய அகழ்வுகளிற் கிடைத்த களிமண் ஏடுகளுள் அரச ஈமக்கிரியை பற்றியனவும் உள. அவற்றை ஜேர்மனிய அறிஞர் ஹைன்றிக் ஒற்றன் 1958 இல் பதிப்பித்தார். 14 நாள் நிகழும் அக்கிரியை, மன்னனோ அரசியோ மறைவதைப் ‘பெருங்கேடு’ என்று கூறியே தொடங்குகின்றது. தெய்வமாதல் கேடாவது எங்ஙனம்?

எரியூட்டிய இரவு கழிந்து விடியற்காலையில் பெண்டிர் சிதைக்குச் செல்வர். வாற்கோதுமை மது 10 கலம், திராட்சை மது 10 கலம், வல்ஹி எனும் பானம் 10 கலம் ஊற்றி நெருப்பை அவிப்பர். எலும்புகளை வெள்ளிக் கலத்து நெய்யிலிட்டெடுத்து மெல்லிய துகிலிற் பொதிவர். இலியத்திற் பத்ரோகிளசின் சிதையும் மதுவால் அவிக்கப்பட்டதைச் சுட்டி இரண்டையும் தொடர்புபடுத்துவாருளர்; காலத்தால் நூற்றாண்டுகள் பல இடையிட்டமையின் நாம் அதனுட் புகவில்லை. எரித்தல் மன்னர்க்கே உரியதுமன்று. தலைநகரையடுத்த ஒஸ்மான்கயாசி இடுகாட்டிற் பொதுமக்களுட் சிலர் எரிக்கப்பட்டும் சிலர் புதைக்கப்பட்டும் உளர்.

பின்னர் முதியவள் ஒருத்தி துலாக்கோலின் ஒரு தட்டிற் பொன், வெள்ளி, மணிகளையும் மறுதட்டிற் சாந்துமண்ணையும் இடுவாள். பொன்னையும் வெள்ளியையும் ஏற்குமாறு கூறப்படுகின்றது. அவை மறுக்கப்பட்டு மண்ணே ஏற்கப்படுகின்றது. இதன் பொருளை உணரப் பிறிதோர் ஏடு துணைசெய்யும். கீழுலகிலே தாய் தன் மகவை அறியாள். ஒருவயிற்றுப் பிறந்தாரும் ஒருவரையொருவர் அறியார். உண்பது மண், பருகுவது கழிவுநீர் என்று அது கூறுகின்றது. பொன்னால் மாற்றவொண்ணாத அம்மண்ணையே துலாக்கோலிலும் காண்கின்றோம் என்பது எமது துணிபு.

தெய்வமானவனின் எலும்புகள் கல்வீட்டிற் கட்டிலொன்றில் வைக்கப்பட்டன; அருகே விளக்கும் ஏற்றப்பட்டது. பிறிதொரு நாளிற் புற்றரையின் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சூரியதேவன்முன் வைத்து, அம்மேய்ச்சல் நிலம் அவனுக்கே உரித்தாகுக, அவனுடைய மாடும் ஆடும் குதிரையும் கோவேறு கழுதையும் அதில் மேய்க, எவரும் அதனைப் பறியாதொழிக, வழக்காடாதொழிக என வேண்டினர்.