தும்மலபல்லியின் தண்ணீர்க் கணக்கு

நம் வீட்டுச் சமையல் மேடையில் கிடக்கும் கறுப்புக் கல்லுக்குக் கடப்பா கல் என்று பெயர். சித்தூர், திருப்பதிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கடப்பா என்றதும் அதுதான் ஞாபகம் வரும். அதே கடப்பா மாவட்டத்தில், வேறொரு வகைக் கல்லில், யுரேனியம் இருக்கிறது. (சமையல் மேடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வீட்டில் யாரையும் பயமுறுத்த வேண்டாம்!) சித்தூரிலிருந்து பீலேர், ராயச்சோட்டி தாண்டி வடக்கே போனால் புலிவெந்துலா. அதன் பக்கத்தில், வேமுலா மண்டலத்தில் இருக்கிறது தும்மலபல்லி.

இந்தியாவில் யுரேனியச் சுரங்கத்தின் கதை ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் தொடங்குகிறது. அதை நடத்த 1967ல் யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற அரசு நிறுவனம் உருவானது. கடப்பாவின் சுண்ணாம்புப் பாறையில் யுரேனியம் இருப்பது பிறகுதான் தெரிய வந்தது. தும்மலபல்லித் திட்டத்துக்கு 2007ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆலை 2012ல் ஓடத் தொடங்கியது. இடையில் 2011ல், இங்கே ஒன்றரை லட்சம் டன் வரை கிடைக்கலாம் என்று அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஸ்ரீகுமார் பானர்ஜி சொன்னபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின.

ஆனால் இந்தத் தாதில் யுரேனியத்தின் அளவு மிகக் குறைவு. ஆயிரம் கிலோ கல்லை உடைத்தால் அரைக் கிலோ கூடத் தேறாது. ஆலையின் திறன் ஒரு நாளைக்கு 3,000 டன். அப்படியானால் ஏறக்குறைய அத்தனை டன்னும் அரைத்த சேறாக வெளியே வந்தாக வேண்டும். அந்தச் சேற்றைத் தேக்கத்தான் கொட்டாலு கிராமத்தருகே கழிவுக் குட்டை. யுரேனியத்தை எடுத்துவிட்டாலும் அதன் வழித்தோன்றல்களான தோரியம், ரேடியம் போன்றவை சேற்றிலேயே தங்கிவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

ஜாதுகுடாவில் தாதைக் கரைக்க அமிலம். இங்கே சுண்ணாம்புப் பாறை என்பதால் அமிலம் வீணாகும். அதனால் சோடா உப்புகளை, அதாவது சோடியம் கார்பனேட், பைகார்பனேட்டைப் போட்டு, அழுத்தத்திலும் சூட்டிலும் கரைக்கிறார்கள். இந்தியாவில் இந்த முறை இங்குதான் முதலில் வந்தது. இதில் ஒரு சங்கடம். கார்பனேட் இருக்கும் நீரில் யுரேனியம் சுலபமாகக் கரைந்து ஓடும். ஆலைக்குள் அது லாபம், நிலத்தடியில் அதுவே ஆபத்து.

ஆலை வந்து சில ஆண்டுகளில் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். வாழை கருகுகிறது, மண் உப்புப் பூக்கிறது, போர் தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள். குட்டையின் அடியில் நிபந்தனைப்படி தடுப்பு போடப்பட்டதா என்று கேட்டு ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ல் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனமோ கசிவு இல்லை என்றது. பாறையிலேயே யுரேனியம் இருக்கும் பகுதி இது, நீரில் இயற்கையாகவே வரும் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சுரங்கமே இல்லாத ராஜஸ்தான், குஜராத் கிணறுகளிலும் யுரேனியம் அதிகம் என்று 2018ல் வெளிவந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அப்படியானால் உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கிக்காரன் புத்திக்கு இது தெளிவாகவே தெரிகிறது. ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் யாரும் கணக்கு முடிக்க முடியாது. சுரங்கம் வருவதற்கு முன் ஒவ்வொரு கிணற்றிலும் என்ன இருந்தது என்ற பதிவுதான் அந்த ஓப்பனிங் பேலன்ஸ். அதன் பிறகு குட்டைக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, சீரான இடைவெளியில் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். யுரேனியத்தை மட்டும் பார்த்தால் போதாது. சோடியமும் சல்பேட்டும் தண்ணீரோடு தடையில்லாமல் நகரும். கசிவு இருந்தால் அவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கீழ்க்கிணற்றில் இவை ஏறி மேல்கிணற்றில் ஏறாவிட்டால், இயற்கையின் மேல் பழி போடுவது கஷ்டம்.

குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2011ல் வரம்பு வைத்தது. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு 60. யுரேனியம் முதலில் பாதிப்பது சிறுநீரகத்தை. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தண்ணீர் சுண்டி அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரமும் அயனிப் பரிமாற்ற வடிகட்டியும் யுரேனியத்தை நீக்கும்.

கெட்ட நீரைச் சுத்தம் செய்ய முடியாதா? முடியும். ஜாதுகுடாவில் சுண்ணாம்பும் பேரியம் குளோரைடும் சேர்த்து, ரேடியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கிறார்கள். நீர் தெளிந்துவிடும். ஆனால் அடியில் படிந்த கசடு எங்கே போகும்? அதையும் எங்காவது பத்திரமாக வைத்தாக வேண்டும்.

மூடிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனியில் விஸ்முட் நிறுவனம் 1946 முதல் 1990 வரை சோவியத்துக்காக இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் யுரேனியம் எடுத்தது. நாடு ஒன்றானதும் சுரங்கங்களை மூடினார்கள். சுத்தம் செய்ய அரசு 1,300 கோடி மார்க் ஒதுக்கியது. டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே கோனிக்‌ஷ்டைன் சுரங்கத்தில் பாறைக்குள்ளேயே கந்தக அமிலம் ஊற்றி யுரேனியம் எடுத்திருந்தார்கள். மேலே குடிநீர் ஊற்று இருந்ததால், சுரங்கத்தைத் தானாக நிரம்ப விட முடியவில்லை. 2001ல் கட்டுப்பாட்டோடு நீரை ஏற விட்டு, வெளியே இறைத்துச் சுத்திகரிக்க ஆரம்பித்தார்கள். ரோன்னெபுர்க் சுரங்கப் பகுதியில் 2007ல் தேசியத் தோட்டக் கண்காட்சியே நடந்தது. மேலே பூப்பூத்தாலும் கீழே நீர் சுத்திகரிப்பு நிற்கவில்லை. அது பல பத்தாண்டு வேலை.

இந்தியாவிலும் சுரங்க மூடல் திட்டம், அதற்கான நிதி உத்தரவாதம் என்பவை 2003லேயே கனிம விதிகளில் வந்துவிட்டன. ஆனால் மூடும் செலவு ஒரு முறை. தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் செலவு வருஷா வருஷம், வருமானமே இல்லாத காலத்திலும். அதற்குப் பணத்தை இன்றைய லாபத்திலிருந்தே எடுத்து வைக்காவிட்டால், வட்டியோடு கட்டப்போவது அந்தக் கிராமத்துப் பிள்ளைகள்தான்.

ஊரில் நிலமும் கிணறும் வைத்திருக்கும் நாம் ஒன்று செய்யலாம். அடுத்த முறை போகும்போது நம் போர் தண்ணீரை ஒரு நல்ல ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, தேதி போட்ட ரிப்போர்ட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வைப்போம். பக்கத்தில் சுரங்கம் வருகிறதோ இல்லையோ, நமக்கும் ஒரு ஓப்பனிங் பேலன்ஸ் வேண்டுமே.