வேங்கடத்தடியில் ஒலித்த வானொலித் தமிழ்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரம் சொல்கிறது. நூல் சொன்ன எல்லை அது. சர்க்கார் போட்ட எல்லை வேறு. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அங்கே சேர்ந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது.

இந்த இரண்டு எல்லைகளையும் சட்டை செய்யாத மூன்றாவது எல்லை ஒன்று இருந்தது. அதுதான் வானொலியின் எல்லை. ஆபீசில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும் என்று வாழ்ந்த சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் தமிழை உட்கார வைத்ததில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. வெளி மாநிலங்களில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்த வரலாறு இன்றும் உதவும் என்பதால்தான் இக்கட்டுரை.

ஒரே பெட்டி, இரண்டு மொழி

தென்னாட்டில் ஒலிபரப்பு ஒரு சங்கத்தின் முயற்சியாகத் தொடங்கியது. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஏற்பட்டது. பணமுடையால் அது மூன்றே ஆண்டில் நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சி நிலையம் வந்தது.

அன்றைய சென்னை நிலையம் தமிழ், தெலுங்கு இரண்டுக்கும் பொது வீடு. 1948 டிசம்பரில் விஜயவாடா நிலையம் தொடங்கும்வரை சென்னை மாகாணத்துத் தெலுங்கருக்கும் அதுவே நிலையம். 'ரேடியோ அண்ணய்யா' நியாபதி ராகவராவ் தெலுங்குப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கியது சென்னையில்தான். பின்னாளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூத்தபிரான் 'வானொலி அண்ணா' ஆனார். ஆக, எல்லைக்கோடு வரும் முன்பே இரண்டு மொழியும் ஒரே பெட்டியில் அண்ணன் தம்பியாக இருந்தன. சித்தூர்க்காரருக்கு இது புதுமையே அல்ல, அவர் வீட்டு நிலைமையே அதுதானே!

கடப்பா நிலையம் 1963-ல் வந்த பிறகும் சென்னை கையைவிட்டுப் போகவில்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் பரவும். சக்தி மிக்க ஒலிபரப்பி என்றால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் என்பது அதற்கு ஒரு தூரமே இல்லை. சென்னையிலிருந்து திருப்பதியும் சித்தூரும் ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. இலங்கை வானொலியோ சிற்றலையில் வந்தது. அது வானத்து மின்னடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. அதனால்தான் சத்தம் அலை அலையாக எழும்பும், அமுங்கும். ஊசியை ஒரு மயிரிழை நகர்த்தி ஸ்டேஷன் பிடிப்பது ஒரு கலையாக இருந்தது.

அன்று பெட்டி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்தது. எனவே ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் அது தெருவுக்கே பொது. டிரான்சிஸ்டர் பரவும்வரை யாரும் தனியாகக் கேட்டதில்லை.

கேட்டவை எவை?

மத்திய அமைச்சர் கேஸ்கர் 1950-களில் திரைப்பாடலுக்கு இடம் குறைத்தார். நேயர்கள் கொழும்பு பக்கம் ஊசியைத் திருப்பினார்கள். அதற்குப் பதிலாக 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி பிறந்தது. ஆனாலும் இலங்கையின் சுவை தனி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலை முகம் பாராமலே உறவாக்கிக்கொண்டார்கள் நம்மவர்கள். 'இசையும் கதையும்' கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடர் நாடகம் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றை நம் கூடத்துக்கே கொண்டுவந்தது. எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' அவ்வளவு புகழ் பெற்றதால் 1976-ல் 'கோமாளிகள்' என்று திரைப்படமே ஆயிற்று.

சென்னையும் சளைத்ததல்ல. 'சுகி' சுப்பிரமணியம் எழுதிய 'காப்புக்கட்டிச் சத்திரம்' தொடருக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. 1988 முதல் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' காலை நேரத்துக் காபி மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று ஒலிச்சித்திரம். மூன்று மணி நேரப் படத்தை வசனமும் பாட்டுமாகச் சுருக்கி ஒரு மணி நேரத்தில் தருவார்கள். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் கதை வசனம் இசைத்தட்டாகவும் வந்து கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் முழங்கியது. படம் பாராதவனும் வசனத்தை முழுசாக ஒப்பிப்பான். சினிமாவைக் காதால் பார்த்த தலைமுறை அது!

நாடகம் கற்றுக்கொடுத்த தமிழ்

வானொலி நாடகத்தில் வேஷம் இல்லை, திரைச்சீலை இல்லை. கதவு கிறீச்சிடுவதும் கொலுசு ஒலிப்பதும் தவிர மற்றதெல்லாம் பேச்சுதான். இவர் திருநெல்வேலி, அவர் கோயம்புத்தூர், இவர் மாமியார், அவர் கணக்குப்பிள்ளை என்று பேச்சிலேயே காட்டியாக வேண்டும். ஆகவே பாடப்புத்தகம் ஒரு தமிழைக் கற்பித்தால், நாடகம் ஐந்தாறு தமிழைக் கற்பித்தது. யாரை 'வாங்க' என்பது, யாரை 'வா' என்பது, கோபத்திலும் எந்த இடத்தில் மரியாதை விடக்கூடாது என்பதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் அகப்படாது. தெலுங்குச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு அதைக் காதில் போட்டது நாடகம்.

கூடவே பாட்டி இருப்பாள். "அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் பாட்டி?" என்று கேட்டால் உடனே விளக்கம் வரும். தொடர் நாடகம் முக்கியமான கட்டத்தில் நின்றுவிடும். அடுத்த வாரம்வரை அந்தக் கதையைப் பற்றியே வீட்டில் பேச்சு நடக்கும். மொழி வளர்ந்தது ஒலிபரப்பான அந்த அரை மணியில் மட்டும் அல்ல, அதற்குப் பிறகு நடந்த ஒரு வாரப் பேச்சிலும்தான்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வானொலி காதைக் காப்பாற்றியது, கையைக் காப்பாற்றவில்லை. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசி, தெலுங்கிலேயே எழுதப் படிக்கும் குடும்பங்கள் சித்தூர்ப் பக்கம் நிறைய உண்டு. எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் பள்ளியோ சங்கமோ வேண்டும். பேச்சைக் காக்க வீடு போதும்.

நாம் இழந்ததும் இழக்காததும்

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. 1987-ல் இந்தி 'ராமாயணம்' ஞாயிறு காலையைப் பிடித்துக்கொண்டது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தபின் தமிழ்ச் சத்தத்துக்கு எங்கும் பஞ்சமில்லை. இன்று கைப்பேசியில் உலகத்துத் தமிழெல்லாம் கிடைக்கிறது. குறைந்தது தமிழ் அல்ல, சேர்ந்து கேட்பதுதான். காதில் ஆளுக்கொரு கருவி மாட்டிக்கொண்ட வீட்டில் பாட்டியிடம் அர்த்தம் கேட்பவர் யார்?

அமெரிக்காவிலும் வானொலி நாடகத்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1962 செப்டம்பர் 30-ல் 'சஸ்பென்ஸ்' உள்ளிட்ட கடைசித் தொடர்கள் முடிந்தன. ஆனால் பல நிகழ்ச்சிகளைப் பெரிய இசைத்தட்டுகளில் பதிந்து வைத்திருந்ததால் அவை தப்பின. ரசிகர்கள் தேடிச் சேர்த்து, 1936-ன் 'பிளாஷ் கார்டன்' போன்ற பதின்மூன்று அத்தியாயத் திரைத்தொடர்களோடு இன்றும் வீட்டில் அனுபவிக்கிறார்கள். நம் பக்கம் நேரடியாக ஒலிபரப்பானவை காற்றோடு போயின. நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் பதிந்ததை அழித்து அதன்மேல் பதிவது உலகெங்கும் வழக்கம், பி.பி.சி.யே அப்படிச் செய்திருக்கிறது. எனவே நேயர் ஒருவர் வீட்டில் டேப் ரிக்கார்டரில் பதிந்த கேசட், சில சமயம் நிலையத்திலேயே இல்லாத பொருளாக இருக்கலாம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது பரண்மேல் இருக்கும் பழைய கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாடா ஒட்டிக்கொள்ளும் முன் கணினியில் ஏற்றி, என்ன நிகழ்ச்சி, எப்போது பதிந்தது என்று எழுதி வையுங்கள். அப்படியே, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒரு பழைய நாடகத்தையோ கதை வசனத்தையோ எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போதும், முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம். மிச்சத்தைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கட்டும். பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்டால் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.