கம்பும் கப்பலும்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில், என் பேத்தி போகும் சிலம்ப வகுப்பின் பெற்றோர் கூட்டம். போண்டாவும் காபியும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் போனேன். வந்தவர்களில் பாதிப் பேர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவர்கள். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தவர்களும் உண்டு. எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒருவர் தமிழில் தொடங்கி தெலுங்கில் வாதாடிக் கன்னடத்தில் சமாதானம் ஆவார். அன்றும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். கோடை விடுமுறையில் பிள்ளைகளை மலேசியாவுக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். ஆளுக்கு 62,000 ரூபாய். காலையில் கம்பு, மாலையில் அங்குள்ள சங்கத்தாரோடு விருந்து, ஒரு நாள் ஊர் சுற்றல்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். "கம்பு சுத்தறதுக்கு மலேசியா எதுக்கு சார்? இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?"

மாஸ்டர் இளைஞர், நல்ல பையன். "போயிட்டு வந்தா சர்டிபிகேட் மதிப்பே வேற சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக சர்டிபிகேட் எழுதியே பிழைத்தவன் நான். அதன் மதிப்பும் மதிப்பின்மையும் எனக்குத் தெரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த மாதிரிப் பயிற்சிப் பயணத்துக்குப் பிரெஞ்சில் 'ஸ்தாஜ்' என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் விடுமுறை முடிந்து வந்ததும் 'ஸ்தாஜ் போனேன்' என்று பெருமையாகச் சொல்வார். கைத்தடியை வைத்து ஆடும் 'கான்' என்ற பிரெஞ்சுச் சண்டைக் கலையில் நாலு வீச்சு காட்டுவார். அந்தத் தடி இடுப்பு உயரம் கூட வராது. தெருவில் நெற்றி உயரக் கம்பு சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் அதற்கென்று விதிப்புத்தகம் இருந்தது. நம் கம்புக்கு அன்று அப்படி ஏதும் என் கண்ணில் படவில்லை.

இனி அந்தப் பின்வரிசைக்காரருக்குச் சொல்ல நினைத்த பதில்.

மற்போரும் ஆட்டமும் நம் நாட்டிலிருந்து கடல் கடந்தது புதிதல்ல. 1900இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தபோது, ஜவஹர்லாலின் தந்தை மோதிலால் நேரு, குலாம் என்ற மல்லரை அங்கே அழைத்துப் போனார். துருக்கி மல்லர் ஒருவரோடு குலாம் மோதினார். பத்து வருஷம் கழித்து, 1910இல், காமா லண்டன் போனார். ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்களாம். கடைசியில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு செப்டம்பர் 10ஆம் தேதி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாகக் கிடந்தே தப்பித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள். அவர் வரவே இல்லை. காமாவுக்குக் கிடைத்தது 'ஜான் புல் பெல்ட்'. இந்த பெல்ட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இவர்கள் தனி ஆட்கள். ஒரு கூடமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமராவதி. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் இருக்கும் அந்த ஊரில், வைத்ய சகோதரர்கள் 1914இல் தொடங்கிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம் இன்றும் இருக்கிறது. அந்தக் கூடத்தின் குழு 1936 கோடையில் பெர்லின் போனது. ஒலிம்பிக் நடந்த சமயம். போட்டிக்காக அல்ல, செய்து காட்டுவதற்காக. கபடி, கோ-கோ, மல்லகம்பம் எல்லாம் ஐரோப்பியர் முன்னால் ஆடிக் காட்டினார்கள்.

பார்த்தவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனி அது. உடம்பை வளர்ப்பது அங்கே அரசாங்கத்தின் கொள்கை, அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் விஷம். நம் ஆட்கள் அடிமை நாட்டிலிருந்து போனவர்கள். உடம்பை உரமேற்றினால் நாடு எழும் என்று நம்பித் தொடங்கிய கூடம் அது. அதே ஆகஸ்ட் 15ஆம் தேதி, தியான்சந்தின் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் காங்கிரசின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது பலருக்குத் தெரிந்த கதை. மைதானத்தில் இருந்தது வேறு கொடி.

பெர்லினில் காட்டிய கபடி ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கான ஆட்டமாக ஆனது 1990இல், பெய்ஜிங்கில். 54 வருஷம். நாங்கள் சிறுவயதில் சடுகுடு என்றுதான் சொன்னோம். இந்தப் பக்கத்துத் தெலுங்கர்கள் செடுகுடு என்பார்கள். மகாராஷ்டிரத்திலேயே ஹுதுது என்ற பெயர் உண்டு. எல்லாம் மங்கி, கபடி என்ற ஒரே பெயரும் ஒரே அளவுள்ள களமும் நின்றன. கப்பலேறியதால்தான் இப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியாருக்குக் காட்ட வேண்டும் என்றால் முதலில் நமக்குள் ஒரே மாதிரி ஆட வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் வேறு விதி வைத்துக்கொண்டு வெளியூர்க்காரனுக்கு விளக்க முடியாது.

ஜப்பானிலும் இதே கதைதான். கராத்தே ஓகினாவா தீவின் கலை. ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் அதைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவருடைய ஆசான்களில் ஒருவரான இதோசு, அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர், 1915இலேயே இறந்துவிட்டார். தோக்கியோவில் ஜூடோவின் தந்தை கானோவின் பழக்கங்கள் கராத்தேயில் ஏறின. வெள்ளை உடுப்பு, கறுப்பு பெல்ட், 'தான்' என்ற படிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பெயரே மாறியது. எழுதும்போது 'சீனக் கை' என்று இருந்ததை 'வெறுங்கை' என்று ஆக்கினார்கள். உச்சரிப்பு அதேதான், எழுத்து மட்டும் வேறு. ஓகினாவா ஆசான்கள் நாஹா நகரில் கூடி அதை ஏற்றுக்கொண்டது 1936 அக்டோபர் 25இல். அமராவதிக்காரர்கள் பெர்லின் போன அதே வருஷம்.

இப்போது பெல்ட். ஓசூரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் சாயங்காலம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று பெல்ட் கட்டிய பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். பெற்றோர் அது ஜப்பானின் பழைய மரபு என்று நினைக்கிறார்கள். இல்லை. இந்த வண்ணங்கள் ஐரோப்பாவில் வந்தவை. லண்டனில் கொய்சுமியின் ஜூடோ சங்கத்தில் 1920களிலேயே சில வண்ணங்கள் இருந்தன. 1935இல் பாரிசுக்கு வந்த கவாய்ஷி என்ற ஜப்பானிய ஆசான்தான் அதை முழு வரிசையாக்கிப் பரப்பினார். வருஷக்கணக்கில் வெள்ளை பெல்ட்டோடு காத்திருக்க ஐரோப்பியனுக்குப் பொறுமை கிடையாது, சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு நிறம் கொடுத்தால் நிற்பான் என்ற கணக்கு. கணக்கு சரியாகவே வந்தது. என் பேத்தியின் சிலம்ப வகுப்பிலும் இப்போது மஞ்சள் பெல்ட் இருக்கிறது. பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பெருமையும் வருகிறது. மறைப்பானேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மாஸ்டருக்குக் கம்பு சொல்லிக்கொடுத்த பெரியவர். கூட்டத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் அவரை ஆசான் என்பார்கள். "இடுப்புத் துணிக்கு எதுக்கு சார் கலரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் கற்றது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், கரடி மனையில். கன்னடத்தில் அது உடற்பயிற்சிக் கூடம். செம்மண் குழியும் ஓர் ஆஞ்சநேயர் சிலையும் இருக்கும். நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு, கரடி வளர்க்கும் வீடு என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

மலேசியாவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. அங்கே இருப்பது இங்கிருந்து போனதுதான். ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்கள் திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, சேலம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லா. 1965இல் தர்மபுரிக்குப் போய், 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டமானது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் கொண்டுபோன மூட்டையில் கம்பு இருந்திருக்காது, கை மறக்கவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அது ஆடப்பட்டது. இங்கே நாம் அதைத் திருவிழாவுக்கும் சாவு ஊர்வலத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அங்கே அது தமிழன் என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளமாக இருந்தது. இப்போதுதான் இங்கே அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். சர்டிபிகேட் பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

இதையெல்லாம் அன்று கூட்டத்தில் நான் சொல்லவில்லை. காபி ஆறிவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பாஸ்போர்ட் படிவம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. பதினான்கு பிள்ளைகளுக்கும் எழுதினேன். பதினைந்தாவதாக ஆசான் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மாஸ்டரும் அவரை அழைத்துப் போகத்தான் ஆசைப்பட்டார்.

பையைக் கவிழ்த்தால் மூன்று அட்டைகள், மூன்று ஆட்கள். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர். பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1. வாக்காளர் அட்டைப்படி அவருக்கு ஐந்து வயது கூடுதல். இவற்றுக்கெல்லாம் மூலமாக, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒரு பழைய சான்றிதழ் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பெயரில் ஓர் எழுத்து தவறு. கையெழுத்து என்னுடையது.

மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்த காலம் அது. ஒரு நாளைக்கு நூறு மனு. எதிரே நிற்பவர் தெலுங்கில் பெயர் சொல்வார். நான் காதில் விழுந்ததை எழுதுவேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டியதாக நினைவில்லை. அந்த ஓர் எழுத்துதான் இப்போது முப்பது வருஷம் நடந்து என் வீட்டு மேஜைக்கு வந்திருக்கிறது. திருத்தம் போட்டால் இரண்டு மூன்று மாதம் ஆகும். பயணத்துக்கு இருந்தது ஐந்து வாரம்.

அவரிடம் சொன்னேன். என் கையெழுத்து என்பதையும் சொன்னேன். "பரவால்ல சார், அப்ப எத்தனை பேருக்கு எழுதினீங்களோ" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மே மாதம் நள்ளிரவு வேன் பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது அவரும் வந்து நின்றார். கம்பு நீளம் அதிகம், விமானத்தில் சிரமம் என்று மாஸ்டர் எல்லாக் கம்பையும் இங்கேயே வைத்துவிட்டார். பிள்ளைகள் வெறுங்கையோடுதான் போனார்கள். நான்காம் நாள் பேத்தி வீடியோ அனுப்பினாள். அங்குள்ள ஒரு முதியவர் பிரம்பு எடுத்து சலாம் வரிசை செய்கிறார். ஆசானை வீட்டுக்கு வரச் சொல்லிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, "இடது கால் தப்பு" என்றார். மூன்றாம் முறை பார்த்தார். "எங்க வாத்தியாரும் இப்படித்தான் தப்பா வெப்பாரு" என்றார். அப்புறம் சற்று நேரம் பேசவில்லை.

போகும்போது மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தார். "அடுத்த வருசத்துக்கு இப்பவே எழுதிடலாமா சார்?"

பேனாவை எடுத்தேன். பெயரைச் சொல்லச் சொன்னேன். எழுதி, எழுத்து எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினேன்.